கண்ணாடியைக் கழற்றும் லேசர்: யாருக்குப் பொருந்தும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் முடிவதற்குள் ஒருவராவது "கண் எரியுது" என்று சொல்லிவிடுவார். ஏற்கெனவே கண்ணாடி அணிபவராக இருந்தால், "லேசர் வைத்துக் கண்ணாடியை எடுத்து விடலாமே" என்று யாராவது யோசனையும் தருவார்கள். எங்கள் திருத்தணியில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்திலேயே அரக்கோணம் ஜங்ஷன் இருப்பதால் ரயில்வே வேலைக்குப் படிக்கும் பையன்கள் இங்கே அதிகம். கண்ணாடி போய்விட்டால் மெடிக்கலில் தேறிவிடலாம் என்பது இவர்களில் சிலரின் கணக்கு. செலவு செய்வதற்கு முன் இந்த லேசர் என்ன செய்யும், என்ன செய்யாது என்று பார்த்துவிடுவோம்.

கம்ப்யூட்டர் கம்பெனியில் பிறந்த சிகிச்சை

இந்த சிகிச்சையின் மூலக் கண்டுபிடிப்பு நடந்தது ஒரு மருத்துவமனையில் அல்ல, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில். அந்த நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது 1981 ஆகஸ்ட் 12 அன்று. அதே ஆண்டு நவம்பரில், நியூயார்க் மாநிலத்தில் உள்ள அதன் கூடத்தில் ரங்கசாமி சீனிவாசன் என்ற விஞ்ஞானி ஒரு விசித்திரமான சோதனை செய்தார். இவர் 1929-ல் பிறந்த நம் மதராஸ்காரர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்று, 1961-ல் ஐ.பி.எம்.மில் சேர்ந்தவர்.

பாலிமர் எனப்படும் பிளாஸ்டிக் வகைகள் மீது புற ஊதாக் கதிர் பட்டால் என்ன ஆகும் என்பது அவருடைய ஆராய்ச்சி. ஆர்கான், ஃப்ளோரின் வாயுக்களைக் கொண்டு இயங்கும் எக்சைமர் லேசர் 193 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியைத் தரும். அது பட்ட இடத்தில் பிளாஸ்டிக் மிகத் துல்லியமாகச் செதுக்கப்பட்டது. உயிருள்ள பொருளிலும் இப்படி நடக்குமா? அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை மறுநாள் கூடத்துக்கு எடுத்துச் சென்று லேசரின் முன் வைத்தார் சீனிவாசன். எலும்பிலும் குருத்தெலும்பிலும் சுத்தமான பள்ளம் விழுந்தது. சுற்றி எதுவும் கருகவில்லை. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோர் இந்த வேலையில் அவருடைய கூட்டாளிகள். ஒரு தலைமுடியில் வரிசையாகப் பள்ளங்கள் வெட்டிக் காட்டினார்கள். அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது.

1983-ல் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல் சீனிவாசனுடன் சேர்ந்து மாட்டுக் கண்களில் இதைச் சோதித்தார். 1995-ல் அமெரிக்க அரசு இந்த லேசர் சிகிச்சைக்கு அனுமதி தந்தது. 2013 பிப்ரவரியில் மூவருக்கும் அதிபர் ஒபாமா தேசிய தொழில்நுட்பப் பதக்கம் வழங்கினார்.

இன்னொரு சங்கதி. இதே 193 நானோமீட்டர் எக்சைமர் லேசரைத்தான் 2000-களின் தொடக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் சிப்களில் நுண்ணிய கோடுகளை வரையப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரும் பக்கத்து வீட்டு அக்காவின் கண்ணாடி இல்லாத முகமும் ஒரே வகைக் கதிரின் கைங்கரியமாக இருக்கலாம்!

கண்ணில் என்ன நடக்கிறது?

கருவிழிக்கு முன்னால் வாட்ச் கண்ணாடி போல் வளைந்திருக்கும் தெளிவான படலத்தின் பெயர் கார்னியா. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு, கண்ணின் நீளத்துக்கு இதன் வளைவு அதிகம். அதனால் பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே குவிந்து விடுகிறது. லேசர் கார்னியாவின் நடுவில் கொஞ்சம் செதுக்கித் தட்டையாக்குகிறது. தூரப்பார்வைக்கு ஓரத்தில் செதுக்கி வளைவைக் கூட்டுகிறது. ஒவ்வொரு துடிப்பும் எடுப்பது ஏறத்தாழ கால் மைக்ரான் மட்டுமே. எங்கே எத்தனை துடிப்பு என்பதைக் கணக்கிடுவது கம்ப்யூட்டர். நடுவில் கண் அசைந்தால்? ஒரு கேமரா கண்ணைத் தொடர்ந்து கவனித்து லேசரையும் கூடவே நகர்த்தும். அசைவு அதிகமானால் லேசர் தானாக நின்றுவிடும்.

மூன்று வழிகள்

பழைய வழி பி.ஆர்.கே. கார்னியாவின் மேல்தோலை நீக்கிவிட்டு லேசர் நேராகச் செதுக்கும். தோல் திரும்ப வளரும் வரை நான்கைந்து நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளிய வாரங்கள் ஆகும். ஆனால் மடல் எதுவும் வெட்டப்படாததால், கண்ணில் அடிபட வாய்ப்புள்ள விளையாட்டு வீரர்களுக்கும், கார்னியா சற்று மெலிந்தவர்களுக்கும் டாக்டர்கள் இதைச் சொல்வதுண்டு.

எல்லோரும் பெயர் கேட்டிருப்பது லாசிக். இதில் சுமார் 110 மைக்ரான் தடிமனில் ஒரு மடலைப் புத்தகத்தின் பக்கம் போலத் திருப்பி வைத்து, அடியில் செதுக்கி, மூடிவிடுவார்கள். மறுநாளே பார்வை தெளியும். மடலை வெட்ட முன்பு பிளேடு. இப்போது பல இடங்களில் ஃபெம்டோசெகண்ட் லேசர்.

மூன்றாவது ஸ்மைல். மடலே கிடையாது. ஃபெம்டோ லேசர் கார்னியாவுக்கு உள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை வரைந்துவிடும். அதைச் சில மில்லிமீட்டர் துளை வழியே டாக்டர் உருவி எடுப்பார். இதுவே எல்லோருக்கும் சிறந்தது என்று விளம்பரங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எது பொருந்தும் என்பதைக் கார்னியாவின் தடிமனும் வடிவமும்தான் தீர்மானிக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். செதுக்கும் ஆழத்துக்கு மன்னர்லின் என்பவர் தந்த சூத்திரம் ஒன்று உண்டு. செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தைக் கண் பவரால் பெருக்கி, 3-ஆல் வகுத்தால் மைக்ரானில் விடை கிடைக்கும். விட்டம் 6, பவர் 4 என்றால் 36 x 4 / 3 = 48. கார்னியா 540 மைக்ரான் இருந்தால், மடலுக்கு 110, செதுக்கலுக்கு 48 போக அடியில் 382 மிஞ்சும். குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பொதுவான வரம்பு, எனவே தாராளம். பவர் 9, கார்னியா 480 என்று வைத்துக்கொள்ளுங்கள். செதுக்கல் 108. மிஞ்சுவது 262. இங்கே டாக்டர் யோசிப்பார். மெலிந்த கார்னியா நாளாக ஆக முன்னால் பிதுங்கிவிட்டால் பார்வையே கெடும். இப்படிப்பட்டவர்களுக்குக் கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் ஐ.சி.எல். என்ற முறை இருக்கிறது. உண்மையான கணக்கை டோபோகிராஃபி படத்தைப் பார்த்து டாக்டர்தான் போட வேண்டும்; மனக்கணக்கில் முடிவு செய்துவிடாதீர்கள்.

18 வயது ஆகாதவர்கள், கடந்த ஓராண்டில் பவர் மாறியவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் காத்திருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினால் வரும் வெள்ளெழுத்தை இந்தச் சிகிச்சை தடுக்காது. பேப்பர் படிக்க அப்போது கண்ணாடி தேவைப்படும்.

ரயில்வே தம்பிகளுக்கு

உதவி லோகோ பைலட் பதவிக்கு ஏ-1 மருத்துவத் தகுதி கேட்கிறார்கள். கண்ணாடி இல்லாமல் 6/6 பார்வை வேண்டும். பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்ய லாசிக் உள்ளிட்ட அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்று ரயில்வே தேர்வு வாரிய அறிவிப்புகளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இந்த வேலைக்காக அப்பாவிடம் பணம் வாங்கி லேசர் செய்துகொண்டால் பணம் போவதுதான் மிச்சம். கண்ணாடியுடன் சேரக்கூடிய பதவிகளும் ரயில்வேயில் பல உண்டு. அறிவிப்பின் மருத்துவப் பகுதியை வரி விடாமல் படியுங்கள். செதுக்கிய கார்னியாவுக்கு அன்டூ பட்டன் கிடையாது.

கம்ப்யூட்டர் எரிச்சலுக்கு இது மருந்தல்ல

திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். கண்ணீர்ப் படலம் காய்ந்து எரிச்சல் வரும். லேசர் இதைப் போக்காது. லாசிக்குக்குப் பிறகு சில மாதம் கண் இன்னும் அதிகமாகக் காய்வது சகஜம். மானிட்டர் கை நீட்டும் தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுத் தாழ இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ளதை 20 விநாடி பாருங்கள். வேலை நெருக்கடியில் எனக்கும் இது மறந்துபோகும். மொபைலில் அலாரம் வைத்திருக்கிறேன். ஃபேன் காற்று நேரே முகத்தில் அடிக்க வேண்டாம். இவ்வளவு செய்தும் எரிச்சல் தொடர்ந்தால் முதலில் கண் பரிசோதனை, அப்புறம்தான் லேசர் பேச்சு.

செய்துகொள்வது என்று முடிவானால், நம் ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிகிச்சை முடிந்து முதல் சில வாரங்களுக்குக் கண்ணில் தண்ணீரோ தூசியோ படக்கூடாது. மொட்டை அடித்துக் குளத்தில் முழுக்குப் போடும் வேண்டுதலைத் தள்ளி வையுங்கள். நெற்றியில் விபூதி பூசிப் பாட்டி ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரவில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம்; பெரும்பாலும் சில மாதங்களில் குறையும். அதுவரை இரவில் பைக் ஓட்டாமல் இருப்பது நல்லது. மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று மறு பரிசோதனைகள் இருக்கும். சென்னைக்கு மின்சார ரயிலில் போய் வர அதற்கேற்ப லீவு எடுத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்கு முன் எடுத்த பவர், கார்னியா அளவுகள், டோபோகிராஃபி பிரிண்ட் அவுட் ஆகியவற்றைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். வயதான பின் கண்புரை வந்து லென்ஸ் வைக்க நேர்ந்தால், லேசர் செய்த கண்ணுக்கு லென்ஸ் பவரைக் கணக்கிடுவது சிரமம். பழைய அளவுகள் அப்போது டாக்டருக்கு உதவும். காகிதம் முப்பது வருடம் தாங்காது. ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, உங்கள் மெயிலில் ஒரு பிரதி போட்டு வையுங்கள். ஃபைல் பெயரில் தேதியும் வலது கண்ணா இடது கண்ணா என்பதும் இருக்கட்டும்.