சான்றிதழ் பெருகுகிறது, தொழில் கற்பது எங்கே?

புது தில்லி: தலைநகரின் தெருமுனைகளில் விடியுமுன்னரே வேலை தேடி நிற்கும் பிகார், உத்தரப் பிரதேச இளைஞர்கள், கட்டுமானத் தொழிலில் 'பேல்தார்' எனப்படும் சித்தாளாகவே நுழைகின்றனர். கொத்து வேலையோ கம்பி வளைப்போ மேஸ்திரி மனம் வைத்தால்தான் கைக்கு வரும். அதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

கட்டுமானத் தொழிலாளருக்காக 2022 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய 'நிபுண்' திட்டத்தின் இலக்கு ஒரு லட்சம் பேர். இதில் சுமார் 80 ஆயிரம் பேர், ஏற்கெனவே தெரிந்த வேலைக்குப் பணியிடப் பயிற்சியும் சான்றிதழும் பெற வேண்டியவர்கள். புதிதாகத் தொழில் கற்பிக்க ஒதுக்கப்பட்டதோ ஏறத்தாழ 14 ஆயிரம் இடங்கள்தான்! தெரிந்த வேலைக்குச் சான்று வழங்குவது நல்லதே. ஆனால் அது கற்பித்தல் ஆகாது. 2024 ஜனவரியில் இஸ்ரேல் வேலைக்காக ரோத்தக்கிலும் லக்னோவிலும் திரண்டவர்கள், சுவர் பூசியும் கம்பி வளைத்தும் ஓடு பதித்தும் காட்ட வேண்டியிருந்தது.

பயிற்சிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்பதே அன்றாடங்காய்ச்சிகளின் தயக்கம். அதை ஈடுகட்டப் பணமில்லை என்று அரசுகள் கூற முடியாது. இத்தொழிலாளர் நலனுக்கெனக் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வசூலிக்கப்படுகிறது. அந்நிதி கோடிக்கணக்கில் செலவிடப்படாமல் முடங்கிக் கிடந்ததை 2018இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது.