கணினி வாங்குவது எங்கே?

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் உழவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், அதன் பின்னரே விலை பேசுவார். பொன் வாங்குவோர் உரைத்துப் பார்த்து வாங்குவர். கண்ணால் கண்டு, கையால் தொட்டு வாங்குவதே நெடுங்கால வழக்கம். இன்றோ கணினியையும் அதன் உறுப்புகளையும் இணையத்தின் வழியே வாங்குகின்றோம். அங்கே நாம் காண்பது பொருளை அன்று. பொருளின் படத்தையே காண்கின்றோம். பொருளை ஆராய இயலாத இடத்தில் விற்பவரை ஆராய்தல் வேண்டும். மாணவர்கள் மனத்திற் கொள்ளத்தக்க முதற் பாடம் இதுவே.

இக்கருத்துக்குப் பொருளியலிலும் ஆதாரம் உண்டு. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்க அறிஞர் 1970-ஆம் ஆண்டில் பழைய மோட்டார் வண்டிகளின் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டிகளுக்கும் நடுத்தரமான ஒரு விலையையே தர முன்வருவார். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க எவரும் விரும்பார். முடிவில் பழுதான வண்டிகளே சந்தையில் மிஞ்சும். உத்தரவாதமும், நற்பெயர் பெற்ற வணிகக் குறியும் இத்தீங்கைத் தடுக்கும் வழிகளாகும் என அவர் காட்டினார். 2001-ஆம் ஆண்டுப் பொருளியல் நோபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர்களுள் இவரும் ஒருவர்.

இணையத்தில் விற்போரை மூவகையாகப் பிரிக்கலாம். தாம் செய்த கணினியைத் தம் வலைத்தளத்திலேயே விற்கும் உற்பத்தியாளர் ஒரு வகையினர். பொருள்களைத் தம் கிடங்கில் வைத்துத் தாமே விற்கும் கணினிக் கடையினர் இரண்டாம் வகையினர். மூன்றாவது, பல வணிகர்களுக்கு இடம் கொடுக்கும் பெரிய இணையச் சந்தை. நம் நாட்டு விதிகளின்படி, அயல்நாட்டு முதலீடு பெற்ற இணைய வணிக நிறுவனம், பொதுவாக, தானே சரக்கை வைத்துக்கொண்டு நுகர்வோருக்கு விற்றல் ஆகாது. விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் சந்தையாகவே இயங்கலாம். ஆகவே தளத்தின் பெயர் வேறு, விற்பவரின் பெயர் வேறு. தளத்தின் பெயரை நம்பிப் பணம் செலுத்துவோர் பலர். அப்பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள வணிகரின் பெயரைப் படிப்போர் சிலரே.

விற்பவரை அறியாமையால் விளையும் கேடு யாது? பென்டிரைவையே சான்றாகக் கொள்வோம். போலிப் பென்டிரைவின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, இருப்பதைவிடப் பெரிய கொள்ளளவைக் கணினிக்குச் சொல்லுமாறு மாற்றப்பட்டிருக்கும். 8 ஜிகாபைட் மட்டுமே கொள்ளும் கருவி, தன்னை 256 ஜிகாபைட் என்று அறிவிக்கும். முதற் சில நாள் குறையேதும் தோன்றாது. உண்மையான இடம் நிரம்பிய பிறகு எழுதப்படுவன அழியும், அல்லது பழையவற்றின் மேலேயே பதியும். கருவியின் விலை சில நூறு ரூபாயாக இருக்கலாம். ஈராண்டு உழைத்து எழுதிய ஆராய்ச்சி அதில் இருந்ததாயின், அதற்கு விலை உண்டோ? இத்தகைய கருவியை வாங்கியவுடன் முழுவதும் நிரப்பி, மீண்டும் படித்துச் சோதிப்பதே தக்கது.

வாங்கியவர் எழுதும் புகழுரைகளைப் படிக்கையிலும் இதனை நினைவிற் கொள்க. பெரும்பாலோர் பொருள் வந்த சில நாட்களிலேயே எழுதிவிடுகின்றனர். “விரைவில் வந்தது” என்பது பொருளைக் கொணர்ந்தவருக்குரிய பாராட்டு, பொருளுக்குரியது அன்று. பல திங்கள் பயன்படுத்தியவர் கூறும் குறை ஒன்று, முதல் நாட் புகழ் பலவற்றினும் பயனுடையது.

பொருள் உண்மையானதாயினும் பொருந்தாததாக இருக்கலாம். நினைவகமாகிய ராம் வகைகளுள் டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு இன்று வழக்கில் உள்ளன. மேசைக் கணினிக்குரிய பலகைகளில் இரண்டுக்கும் தொடுமுனைகள் 288 தான். ஆயினும் வெட்டுக்குறி இருக்கும் இடம் வேறாதலின், ஒன்றற்குரிய மதர்போர்டில் மற்றொன்று அமையாது. ஆகவே திருப்பிக் கொடுக்கும் முறையை முன்னரே படித்தல் வேண்டும். பணம் திரும்புமா, மாற்றுப் பொருள் மட்டுமே கிடைக்குமா, எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்னும் மூன்றையும் காண்க.

அடுத்தது உத்தரவாதம். அதனைத் தருபவர் உற்பத்தியாளரா, விற்பவரா, அது இந்நாட்டில் செல்லுமா என்று அறிக. வேற்று நாட்டில் விற்பதற்கென்று அனுப்பப்பட்ட பொருள், குறைந்த விலையில் இங்கு வருவதுண்டு. பழுதானால் இங்குள்ள பழுதுபார்க்கும் நிலையம் அதனை ஏற்காமற் போகலாம். விற்பவரின் பெயரும் பொருளின் வரிசை எண்ணும் குறித்த ரசீதைப் பெற்றுப் பேணுக. உறையைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்து வைத்தலும் நன்று.

இவ்வளவும் செய்த பின்னரும் ஏமாற்றம் நேர்ந்தால் சட்டம் துணை நிற்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்நாட்டில் உருவானது என்பவற்றை வாங்குபவர் அறியுமாறு காட்டுதல் வேண்டும். முறையீட்டைப் பெற்றதாகக் குறைதீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்துள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துள் தீர்வு காணுதல் வேண்டும். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அணுகலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மற்றோர் உரிமையையும் வழங்குகிறது. விற்பவர் தில்லியில் இருப்பினும், தென்காசியில் வாழும் மாணவர் தம் மாவட்ட ஆணையத்திலேயே ஈராண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணமும் இல்லை. ஆயின், யார்மீது வழக்குத் தொடுப்பது என்பதை அறிந்திருந்தால்தான் இவ்வுரிமை பயன்படும்.

சென்னை ரிச்சி தெருவில் கடைக்காரரை நேரிற் கண்டு பேசலாம். மறுநாளும் அவரை அங்கே காணலாம். இணையத்தில் அவ்வாய்ப்பு இல்லை. எனவே இரு கடைகளின் விலையை ஒப்பிடும்போது உத்தரவாதத்தையும் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் சேர்த்தே ஒப்பிடுக. கணினி ஒன்று, பல இல்லங்களில் பெற்றோரின் பல மாதச் சேமிப்பு. அதனைச் செலவிடுமுன், விற்பவர் யார் என்று அறியக் கால் மணி நேரம் செலவிடுதல் மாணவர்க்கு மிகையாகாது.