வாடகை வீட்டுக்கு வெப் கேமரா காவல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இ-மெயில், பாட்டு, விளையாட்டு எனப் பழகிய பின்னர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதை வைத்து வீட்டைக் காவல் காக்க முடியுமா?" தாராளமாக முடியும். சுவரில் ஆணி அடிக்கவே வீட்டு உரிமையாளரிடம் கேட்க வேண்டிய வாடகைதாரர்களுக்கு இது நல்ல வழி.

நான் வாடகைக்கு இருப்பது ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையத்தில். எந்நேரமும் புதிய முகங்கள் வந்து போகும் ஊர். யார் சுற்றிப் பார்க்க வந்தவர், யார் நோட்டம் பார்க்க வந்தவர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் தோப்புகளும் தள்ளித் தள்ளி வீடுகளும்தான்.

கேமராவுக்கு முன்னால் பூட்டைக் கவனியுங்கள். முன்பு குடியிருந்தவரிடம் இன்னொரு சாவி இருக்கலாம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம், கதவுப் பூட்டு மாற்றுவதை வாடகைதாரர் செய்ய வேண்டிய பராமரிப்பு வேலைகளில் சேர்த்துள்ளது. உரிமையாளரிடம் சொல்லிவிட்டு முதல் வாரமே மாற்றிவிடுங்கள்.

வீட்டுக் கேமரா என்ற எண்ணமே ஒரு பெண்ணின் பயத்தில் பிறந்ததுதான். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வசித்த நர்ஸ் மேரி வான் பிரிட்டன் பிரவுன், வேலை நேரம் காரணமாகப் பல சமயம் வீட்டில் தனியாக இருப்பார். கூப்பிட்டால் போலீஸ் வரத் தாமதமாகும். எனவே எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து, கதவில் உள்ள துளைகள் வழியே வெளியே பார்க்கும் கேமரா, படுக்கையறையில் டிவி, பேச மைக், ஆபத்தில் அழுத்த ஒரு பட்டன் என அமைத்தார். 1966-ல் விண்ணப்பித்து 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். அவர் அமைத்ததை இன்று நம் மேஜை மேல் இருக்கும் பொருட்களை வைத்தே செய்திடலாம்.

யு.எஸ்.பி. வெப் கேமராவை வாசல் பார்த்த ஜன்னலில் வைத்து கம்ப்யூட்டரில் இணைத்திடுங்கள். 'ஏஜென்ட் டிவிஆர்' என்ற புரோகிராமை அதன் தளத்திலிருந்து இறக்கி இன்ஸ்டால் செய்திடவும். வீட்டுக்குள் சொந்த உபயோகத்திற்குக் கட்டணம் இல்லை; வெளியூரிலிருந்து பார்க்கும் வசதிக்குத்தான் சந்தா. இது பிரவுசரில் திறக்கும். கேமராவைச் சேர்த்து, அசைவு இருந்தால் மட்டும் படம் எடுக்கும்படி அமைத்திடுங்கள். படத்தில் வாசற்படிப் பகுதியை மட்டும் குறித்துக் கொடுக்கவும். இல்லையேல் காற்றில் ஆடும் கொடித் துணியும் தெரு நாயுமே நாள் முழுக்கப் பதிவாகும். நாய்களின் ஆல்பம் நமக்கு எதற்கு? எதிர் வீட்டு வாசலும் படத்தில் விழ வேண்டாம்.

கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால் காவலும் தூங்கிவிடும். எனவே விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் எனச் சென்று, ஸ்லீப் என்பதற்கு 'நெவர்' கொடுத்திடவும். திரை மட்டும் அணையலாம்.

இரவில் ஒரு சிக்கல். அறையில் விளக்கு எரிந்தால், ஜன்னல் கண்ணாடியில் உங்கள் அறைதான் கேமராவுக்குத் தெரியும். உள்ளே விளக்கை அணைத்து வாசல் விளக்கை எரியவிடுங்கள். பார்க்கப்போனால் அந்த விளக்குதான் பாதிக் காவல்.

இனி பலரும் மறக்கும் விஷயம். உள்ளே நுழையும் திருடன் முதலில் தூக்குவது எதை? கம்ப்யூட்டரைத்தான். அவன் முகம் பதிந்த ஹார்ட் டிஸ்க்கும் அவனோடு போய்விடும். படங்கள் வீட்டை விட்டு உடனே வெளியேற வேண்டும். கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் புரோகிராமை இன்ஸ்டால் செய்து, படங்கள் சேரும் போல்டரை அதில் இணைத்துவிடுங்கள். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. உங்கள் ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான் இந்த இடம். ஒரு படம் 100 கேபி என்றால் 10,000 படங்களுக்கு 1 ஜிபி போதும். வீடியோ என்றால் இடம் விரைவில் நிரம்பிவிடும்.

கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும். ஆனால் மோடம் நின்றுவிடும். அதற்கென விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை வாங்கி வையுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நுழைபவர்களுக்கும் இதுவே பதில்.

வெப் கேமராவுக்குப் பதில் நேரடியாக இன்டர்நெட்டில் இணையும் வைஃபை கேமரா வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களில் புகுந்தது. அதே அட்மின், 12345 வகைதான். வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமலேயே அவற்றைப் படையாகத் திரட்டினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 21-ல் 'டின்' என்ற நிறுவனத்தை அது தாக்கியதில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் தளங்களே பலருக்குத் திறக்கவில்லை. திருடனைப் பார்க்க வைத்த கண் வழியே வேறொருவர் நம் வீட்டைப் பார்க்கலாம். பெட்டியைப் பிரித்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். படுக்கையறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

ஏதேனும் நடந்துவிட்டால் 112-ஐ அழையுங்கள். வாசல் திறந்து கிடந்தால் தனியாக உள்ளே போகாதீர்கள். பதிவான பைலை வெட்டவோ, வெளிச்சம் கூட்டவோ வேண்டாம். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி இதுபோன்ற பதிவுகளுடன் சான்றிதழும் தர வேண்டும்; பைலின் 'ஹாஷ்' எண்ணும் அதில் இடம் பெறும். பைலில் சிறிது மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடுவதால், அசல் பைலை பென் டிரைவில் காப்பி செய்து காவல் நிலையத்தில் கொடுத்திடுங்கள்.