ஆதிமூலத்தின் அரசர்கள்

கே.எம். ஆதிமூலம் வரைந்த அரசர்களைக் கண்டு எந்தக் குடிமகனும் அஞ்சமாட்டான். கிரீடம் உண்டு, மீசை உண்டு, நகைகளுக்கும் குறைவில்லை. அவற்றைச் சுமக்க வேண்டிய உடம்புதான் செல்லரித்ததுபோல் கோடுகளுக்குள் உதிர்கிறது. ஆணின் மிடுக்கையும் அதன் உள்ளீடின்மையையும் ஒரே உருவில் காட்டிய தமிழ் ஓவிய வரிசைகளில் இதையே முதலில் சொல்ல வேண்டும்.

துறையூர் அருகே கீராம்பூரில் 1938இல் பிறந்த ஆதிமூலம், 1960களில் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். காந்தி நூற்றாண்டான 1969இல், காந்தியைப் பல வயதுகளில் ஏறத்தாழ நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். சட்டையில்லாத, எலும்பு துருத்திய கிழவர். கையில் ஆயுதம் கிடையாது. ஆனாலும் அந்த உருவம் தளரவில்லை. பிறகு வந்த அரசர்களிடம் கணக்கு தலைகீழானது: அலங்காரம் ஏற ஏற ஆள் கரைந்தான். கறுப்பு மையில் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கோடுகளே முகத்தை உருவாக்குகின்றன, அவையே அதை அரிக்கவும் செய்கின்றன. வண்ணம் சேர்ந்திருந்தால் அரசர்கள் தப்பித்திருப்பார்கள்.

ஆணுருவை இப்படிக் கரைப்பது எவ்வளவு பெரிய மீறல் என்பது, மாண்ட வீரர்களுக்கு எழுப்பிய நடுகற்களைப் பார்த்தால் விளங்கும். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டாரத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு 2006இல் தமிழி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தது. ஒன்று, கூடல் ஊர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், மாண்ட தீயன் அந்தவனுக்கு உரியது. அதில் உருவமே இல்லை. பெயரும் ஊரும் சாவும் மட்டும். பிற்காலக் கற்களில் உருவம் வந்தது. செங்கம் பகுதிக் கற்கள் சிலவற்றில் உடம்பில் அம்பு தைத்தும் வீரன் ஆயுதத்தோடு நிற்கிறான். வலி தெரியும், தளர்ச்சி தெரியாது.

அந்த வார்ப்பு இன்னும் மாறவில்லை. தேனிப் பக்கம் கருப்பசாமி அரிவாளோடுதான் நிற்கிறார். பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் ஜல்லிக்கட்டு நாளில் மீசை முறுக்கிய முகங்களைக் காட்ட ஓவியன் தேவையில்லை, பிளெக்ஸ் அச்சகம் போதும்.

வடக்கே இதே காலத்தில் இன்னொருவர் வேறு வழியில் சென்றார். பரோடாவில் வாழ்ந்த, கணக்காளராகவும் இருந்த ஓவியர் பூபேன் கக்கர் (1934–2003), 1970களில் தையற்காரர், முடிதிருத்துபவர், கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஆகியோரை வரைந்தார். 1980களின் தொடக்கத்திலிருந்து ஆணுக்கு ஆண்மேல் உள்ள காதலை ஒளிவின்றித் தீட்டினார்; 1982இல் வரைந்த ‘பெனாரஸில் இரண்டு ஆண்கள்’ அவற்றில் புகழ்பெற்றது. புற்றுநோயோடு வாழ்ந்த கடைசி ஆண்டுகளில் சிதைந்த உடல்களே அவர் பொருளாயின.

ஆதிமூலம் கக்கரைப் போலத் தன்னை வரைந்து காட்டும் வழிக்குப் போகவில்லை. அவர் குறி அதிகாரம். பின்னாளில் தைலவண்ண அரூப ஓவியங்களுக்கு நகர்ந்தபோது மனித உருவம் அவர் திரைச்சீலையை விட்டே போயிற்று. பத்திரிகைப் பக்கங்களில் மட்டும் தங்கியது: கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடருக்கு அவர் கோடுகளில் வந்தவர்கள் கிரீடமில்லாத கரிசல் சம்சாரிகள்.