அசைவைத் தேடும் கோடு

நுழையும்முன்
ஓவியம் அசைவதில்லை. ஆயினும், ஓடும் சிறுவனையும் வலை வீசும் மீனவரையும் ஓவியத்தில் காண்கிறோம். தாளில் நிலைத்துவிட்ட கோடுகள் இயக்கத்தை உணர்த்துவது எவ்வாறு? மாமல்லபுரத்துச் சிற்பங்களைத் துணைக்கொண்டு, மனித உருவங்களை உயிரோட்டத்துடன் வரையும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வரையப் பழகுவோர் பலரும் முகத்திலிருந்தே தொடங்குவர். கண், மூக்கு, கூந்தல், உடை என ஒவ்வொன்றும் செம்மையாக அமையும். ஆனால், வரைந்து முடித்தபின் பார்த்தால், ஓட வேண்டியவர் நட்ட கம்பம்போல் நிற்பார். உறுப்புகளில் பிழையில்லாதபோதும் உருவம் உறைந்துபோவதேன்? உடலின் எடை எங்கே தங்குகிறது, எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதை முதலில் முடிவுசெய்யாமையே காரணமாகும்.

ஒரு மண்டபம், இரு சுவர்கள்

பல்லவர் காலத்தில் குடையப்பட்ட மகிடாசுரமர்த்தினி மண்டபம் மாமல்லபுரத்தில் உள்ளது. அதன் இரு பக்கச் சுவர்களிலும் எதிரெதிரே இரு பெரும் புடைப்புச் சிற்பங்கள் அமைந்துள்ளன. ஒரு சுவரில் திருமால் அரவணையில் பள்ளிகொண்டிருக்கிறார். அவருடைய உடல் கிடைக்கோடாக நீண்டு கிடக்கிறது. காண்போர் மனத்தில் அமைதி பரவுகிறது.

எதிர்ச்சுவரிலோ போர் நிகழ்கிறது. சிங்கத்தின்மீது அமர்ந்த துர்க்கை எட்டுக் கைகளுடன், வில்லை வளைத்து முன்னேறுகிறாள். எருமைத்தலை கொண்ட மகிடனின் உடல் அவளிடமிருந்து விலகிச் சாய்கிறது. எனினும், அவனுடைய இரு கைகளும் கதாயுதத்தை இறுகப் பற்றியுள்ளன. உடல் பின்வாங்குகிறது; கைகள் போரை விடவில்லை. அவன் ஓடுவானா, திரும்பித் தாக்குவானா எனக் காண்போர் எதிர்பார்த்து நிற்கின்றனர். அந்த எதிர்பார்ப்பே அசைவாக உணரப்படுகிறது.

இச்சிற்பத்தைத் தாளில் தீட்ட விரும்புவோர் முதலில் சாய்கோடுகள் சிலவற்றை இட்டாலே போதும். போரின் விசை புலப்பட்டுவிடும். தலையில் தொடங்கி, முதுகெலும்பின் வழியே, ஊன்றிய கால்வரை ஓடும் இத்தகைய கோட்டை இயக்கக்கோடு எனலாம். கிடைக்கோடு ஓய்வையும், நேர்க்கோடு உறுதியையும், சாய்கோடும் வளைகோடும் இயக்கத்தையும் உணர்த்த வல்லவை.

எடையும் சமநிலையும்

சுவர் நேராக உள்ளதா என அறியக் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். ஓவியரும் அதனை மனத்தளவில் பயன்படுத்தலாம். ஒருவர் நிற்கும்போது கழுத்துக்குழியிலிருந்து தொங்கவிட்ட நூல் பாதங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் விழும். எடை முழுவதையும் வலக்காலில் தாங்கினால், வலப்பக்க இடுப்பு உயரும். அதற்கு ஈடுசெய்ய வலத்தோள் தாழும். நம் செப்புத்திருமேனிகளில் காணப்படும் திரிபங்கம் என்னும் மூவளைவு நிலை இந்த இயல்பைத் தழுவியதே.

ஓடத் தொடங்குபவரின் நூல் பாதங்களுக்கு வெளியே விழும். நடத்தல் என்பதே விழத் தொடங்குவதும், அவ்வீழ்ச்சியை அடுத்த அடியால் தாங்குவதும் ஆகும். ஆகவே, ஓடுபவரைச் சமநிலையில் வரைந்தால் அவர் ஓடமாட்டார். ஆடவல்லான் திருமேனியில் வலக்கால் மடங்கி முயலகன்மேல் ஊன்றியிருக்க, இடக்கால் உடலின் குறுக்கே உயர்கிறது. ஒற்றைக் காலில் நின்றாடும் வடிவமாயினும், விழுமோ என்னும் ஐயம் எழுவதில்லை. விரைவும் நிலைபேறும் ஒருங்கே அமைந்தமை அத்திருமேனியின் சிறப்பாகும்.

தெரிந்து தெளிவோம்
நாட்டிய நூல் கூறும் கரணங்கள் 108. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் அவற்றுள் 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 27 கரணங்களுக்கான இடங்கள் செதுக்கப்படாமல் உள்ளன.

எக்கணத்தை வரைவது?

ஒவ்வொரு செயலுக்கும் முன்னிலை, செயல்நிலை, பின்னிலை என மூன்று கணங்கள் உண்டு. வலை வீசும் மீனவர் முதலில் உடலைப் பின்னோக்கி முறுக்குகிறார். பிறகு வலையை விடுகிறார். இறுதியில் வெறுங்கைகளுடன் முன்னோக்கிச் சாய்கிறார். உடல் முறுகிநிற்கும் முதற்கணத்தை வரைந்தால், வலை விரியும் காட்சியைக் காண்போரே தம் மனத்தில் நிறைவுசெய்துகொள்வர்.

கண்டதாக நாம் எண்ணுவது யாவும் உண்மையாகிவிடாது. பாயும் குதிரையின் நான்கு கால்களும் முன்னும் பின்னும் நீண்டிருப்பதாகவே ஓவியர் பலர் நெடுங்காலம் வரைந்தனர். 1878ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் எட்வர்டு மைபிரிட்ஜ் எடுத்த தொடர் ஒளிப்படங்கள் வேறொன்றைக் காட்டின. கால்கள் வயிற்றின்கீழ் ஒடுங்கும் கணத்திலேயே குதிரையின் நான்கு குளம்புகளும் தரையை விட்டு நீங்கியிருந்தன. பழகிப்போன வடிவத்தை நம்பாமல் மீண்டும் உற்றுநோக்க வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

மனமும் மெய்யும்

செயல் ஒன்றாயினும் ஆளுக்கேற்ப உடல்நிலை மாறும். நிறைகுடத்தைத் தூக்கும் சிறுமி உடல் முழுவதையும் மறுபக்கம் வளைக்கிறாள். நாள்தோறும் நீர் சுமக்கும் தாய் இடுப்பைச் சற்றே ஒடித்துக் குடத்தை ஏற்றிக்கொள்கிறாள். எழுவதற்குமுன் முதியவர் முழங்காலில் கையூன்றுகிறார். இளைஞர் கையூன்றாமல் எழுகிறார். அகவை, பழக்கம், அச்சம், களிப்பு ஆகிய யாவும் மெய்யில் புலப்படுவன. எனவே, ‘இவர் என்ன செய்கிறார்?’ என்பதோடு, ‘இவர் யார்?’ என்னும் வினாவையும் ஓவியர் எழுப்பிக்கொள்ள வேண்டும்.

பயிற்சியும் பயனும்

பேருந்து நிலையம், சந்தை, விளையாட்டுத் திடல் ஆகியன சிறந்த பயிற்சிக்களங்கள். ஓர் உருவத்துக்கு 30 விநாடிகள் மட்டும் ஒதுக்கி, இயக்கக்கோட்டையும் எடை தங்கும் காலையும் விரைந்து குறித்தல் வேண்டும். முகத்தையும் விரல்களையும் பின்னர் வரையலாம். பின்பு உருவத்தின் உட்பகுதி முழுவதையும் கருமையாக்கிப் பார்க்கலாம். அந்நிழலுருவைக் கண்ட அளவிலேயே செயல் விளங்கினால் உடல்நிலை சரியாக அமைந்துள்ளது எனக் கொள்ளலாம்.

இப்பயிற்சியில் பல கோடுகள் பிழையாகும். பிழைக்கு அஞ்சி மெல்ல மெல்ல இழுக்கும் கோடே உருவத்தை மரமாக்குகிறது. சுமை தூக்குபவரின் தோளையும், வெற்றி பெற்ற சிறுவனின் துள்ளலையும் பலமுறை உற்றுநோக்கிய கை, காலப்போக்கில் கற்பனை மாந்தருக்கும் உயிரூட்டும். மனிதரை வரையக் கற்பது அவர்தம் உழைப்பையும் உணர்வையும் கூர்ந்து அறியக் கற்பதே ஆகும்.

கற்பவை கற்றபின்
1. உங்கள் பகுதியில் உழைப்போர் ஒருவரின் செயலை முன்னிலை, செயல்நிலை, பின்னிலை என மூன்று கோட்டுருவங்களாக வரைக.
2. அருகிலுள்ள கோயில் அல்லது அருங்காட்சியகச் சிற்பம் ஒன்றின் இயக்கக்கோட்டைக் கண்டறிந்து வகுப்பில் விளக்குக.