லாரியில் வந்த காடு

காடு அழிகிறது என்றால் முதல் பழி விழுவது தலையில் சுள்ளிக்கட்டோடு நடக்கும் கிராமத்துப் பெண்மீது. அது நியாயமில்லை என்பதை 1980களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து ஆய்வாளர்கள். காட்டில் தங்கும் கரிக்கு உலக நாடுகள் விலை பேசும் இந்தக் காலத்திலும் அந்தக் கணக்கு பழசாகிவிடவில்லை.

அமுல்யா ரெட்டி மின்வேதியியல் பேராசிரியர். கிராமத்துக்குப் பயன்படும் தொழில்நுட்பத்துக்காக 1974ல் கழகத்துக்குள் 'அஸ்த்ரா' என்ற பிரிவைத் தொடங்கினார். தும்கூர் மாவட்டம் குனிகல் தாலுகா கிராமங்களில் அவரது குழு அடுப்படிவரை சென்று விசாரித்தது. கிராமத்தார் எரித்தது பெரும்பாலும் சுள்ளியும் வெட்டினால் மறுபடி தழைக்கும் கிளையும்தான். மரத்தை அடியோடு சாய்க்க ஆளும் வண்டியும் வேண்டும். அதற்குக் காசு ஏது? அடிமரமாக வெட்டுண்டு லாரியேறிய விறகு போய்ச் சேர்ந்தது நகரத்துக்கு. ரெட்டியும் சுதாகர ரெட்டியும் 1983ல் பெங்களூரின் விறகுக் கதையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வசதியுள்ளவர்களுக்கு கேஸ், ஏழைகளுக்கு விறகு என்று நகரமே இரண்டாகப் பிரிந்து கிடந்தது அதில் தெரிந்தது.

அதே பிரிவிலிருந்து 'அஸ்த்ர ஒலெ' வந்தது. கன்னடத்தில் ஒலெ என்றால் அடுப்பு. நம் உலைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. புகையைக் குழாய் வழியே வெளியேற்றி, ஒரே தீயில் மூன்று பாத்திரங்களைச் சூடாக்கும் மண் அடுப்பு அது. விறகும் மிச்சம், கண்ணும் மிச்சம். ஆனால் நாடு முழுக்க நடந்த மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் பராமரிப்பு இல்லாமல் பல அடுப்புகள் பாழாயின. 2002ல் மத்திய அரசு திட்டத்தைக் கைகழுவியது.

அஸ்த்ராவில் வளர்ந்தவர் என். எச். ரவீந்திரநாத். பின்னாளில் ஐ.நா.வின் பருவநிலைக் குழு அறிக்கைகளின் ஆசிரியர்களில் ஒருவர். வனத்துறை சார்ந்த வெளியீடு உலகின் மொத்த பசுமைக்குடில் வாயுக்களில் ஏறக்குறைய 17 சதவீதம் என்று அந்தக் குழு 2007ல் சொன்னது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2005ல் மான்ட்ரியலில், பப்புவா நியூகினியும் கோஸ்டாரிகாவும் ஒரு யோசனையை வைத்திருந்தன: காட்டை வெட்டாமல் விடும் ஏழை நாட்டுக்குப் பணக்கார நாடு பணம் தரட்டும். இந்தியாவுக்கு அதில் ஒரு மனத்தாங்கல். வெட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினால் காசு, காத்துவந்தவனுக்கு ஒன்றுமில்லையா? பாதுகாப்பும் காடு வளர்ப்பும் சேர்க்கப்பட்டு 'ரெட் ப்ளஸ்' பிறந்தது. 2013ல் வார்சாவில் விதிகள் முடிவாயின. 2018ல் இந்தியா தன் தேசிய வியூகத்தை வெளியிட்டது.

சிக்கல் காட்டுக் கணக்கில்தான். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து சதவீதம் மரநிழல் இருந்தால் இந்திய வன அளவைத் துறைக்கு அது காடு. யாருடைய நிலம், என்ன மரம் என்பது கேள்வியல்ல. குடகின் காப்பித் தோட்டமும் காடு, தைலமரத் தோப்பும் காடு. காடும் மரமுமாக நாட்டின் பரப்பில் 25.17 சதவீதம் என்று 2023ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ரவீந்திரநாத்தும் சக ஆய்வாளர்களும் 2012ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் கேட்டது வேறு: ஓரிடத்தில் இயற்கைக் காடு போய் இன்னோரிடத்தில் தோப்பு வந்தால் கூட்டிக் கழித்த எண் அப்படியே இருக்கும்; இழந்தது எவ்வளவு? அது தெரியாமல் 'அழிவைக் குறைத்தோம்' என்று எந்த நாட்டிடம் போய்ப் பணம் கேட்பது?

2030க்குள் காடுகளாலும் மரங்களாலும் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை உள்ளிழுப்பதாக இந்தியா 2015ல் வாக்குக் கொடுத்திருக்கிறது. தோப்பு வைத்தே எண்ணிக்கையை எட்டிவிடும் ஆசை எந்த அதிகாரிக்கும் வரலாம்.

மேகாலயாவின் மாப்லாங் பகுதியில் காசி மக்கள் வேறு வழியில் போனார்கள். தங்கள் சமூகக் காடுகளைத் தாங்களே காத்து, அந்தக் கார்பனை விற்றுக் கிராமங்களுக்கு வருவாய் தேடினார்கள். அவர்கள் வீடுகளுக்குப் போன பொருள்களில் ஒன்று, விறகைக் குறைக்கும் அடுப்பு.