பொங்கும் மட்டம், குறையும் நீர்

அணுமின் நிலையத்தின் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்ட ஏன் இத்தனை ஆண்டுகள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஓடுகிற உலையில் பரீட்சை வைக்க முடியாது என்பது முக்கியக் காரணம்.

பின்லாந்தின் லோவீசா நிலையத்தைப் பாருங்கள். சோவியத் வடிவமைப்பு உலைகள் இரண்டு; முதலாவது 1977-இல் மின்சாரம் தந்தது. தானியக்கப் புதுப்பிப்பு 2018-இல் முடிந்தது. புதுக் கருவிகளின் சோதனைக்கு உதவிய, நிலையத்தைக் கணினிக்குள் ஓட்டிக் காட்டும் ஆப்ராஸ் மென்பொருளை வி.டி.டி. ஆய்வு நிறுவனமும் ஒரு மின்நிறுவனமும் 1986-இல் உருவாக்கத் தொடங்கின. வரலாறு இவ்வளவு போதும்.

சுவாரசியம் நீராவிக் கலனில் இருக்கிறது. டர்பைன் திடீரென்று அதிக நீராவியை இழுத்தால் கலனில் நீர் குறையும், மட்டமானியோ ஏறும்! அழுத்தம் விழுந்ததும் குமிழிகள் பருத்து நீரைத் தூக்கிவிடுகின்றன. சூடு குறைந்த நீரை உள்ளே விட்டால் குமிழிகள் சுருங்கி மட்டம் இறங்கும்.

அடுப்பில் பொங்கும் பாலும் இப்படித்தான். பால் கூடவில்லை, மட்டம் ஏறுகிறது. கைத்தண்ணீர் தெளித்தால் அடங்குகிறது. மட்டத்தை மட்டுமே பார்க்கத் தெரிந்த ஒரு மருமகனை அடுப்படியில் நிறுத்துங்கள். பொங்கினால் பால் ஊற்றுவதை நிறுத்துவார், அடங்கினால் சொம்பைக் கவிழ்ப்பார். ஒன்று பாத்திரம் தீயும், அல்லது அடுப்பு அணையும். மாமனாருக்குக் காபி கிடைக்காது. (பாலாடையின் பங்கை இங்கே விட்டுவிடுவோம்.) அதனால் நல்ல கருவி மட்டத்தோடு, வெளியேறும் நீராவியையும் உள்ளே வரும் நீரையும் சேர்த்தே பார்க்கும். லோவீசாவின் படுக்கைவாட்டுக் கலன்களில் நீர் அதிகம் என்பதால் ஆட்டம் கொஞ்சம் மிதம்.

கருவிக்கு ஓர் அளவைக் கொடுத்து, பதில் சரியா என்று பார்த்தால் மருமகன் அகப்படமாட்டார். அவர் ஊற்றியதன் விளைவு அவர் கண்ணிலேயே மறுபடி பட வேண்டும். எனவே நிஜக் கருவியைக் கணினிக்குள் ஓடும் நிலையத்தோடு இணைக்கிறார்கள். கருவி வால்வைத் திறக்கும். அந்தக் கணினி மாதிரியோ, குமிழிகளைக் கணக்கிட்டுப் புது மட்டத்தைத் திருப்பி அனுப்பும். இந்தக் கணக்கு கடிகாரத்துக்குப் பின்தங்கவே கூடாது.

விற்பவர்கள் இதை ‘டிஜிட்டல் இரட்டை’ என்கிறார்கள். இரட்டையாம்! ஒட்டிக்கொள்ளும் வால்வும் பொய் சொல்லும் மட்டமானியும் யாராவது யோசித்து எழுதினால்தான் மாதிரிக்குள் வரும். மாதிரியை எழுதியவரும் கருவியை வடிவமைத்தவரும் ஒரே தப்புக் கணக்கை நம்பியிருந்தால் சோதனை அமோகமாகத் தேறிவிடும். அதனால் மாதிரிக்கே முதலில் பரீட்சை: நிலையத்தின் பழைய பதிவுகளோடு ஒப்பிடுகிறார்கள். நிலையத்தில் நடக்கவே கூடாத விபத்துகளுக்கு லப்பேன்ராண்டாவில் லோவீசாவைப் பார்த்துக் கட்டிய பேக்டெல் சோதனைக்கூடம் உண்டு. கன அளவில் 305-இல் ஒரு பங்கு. யுரேனியத்துக்குப் பதில் மின்சூடேற்றிகள்.